தீக்குச்சி நீளக் கப்பல்கள்

18ஆம் நூற்றாண்டில் 74 பீரங்கிகள் கொண்ட ஒரு போர்க்கப்பல் ஏறக்குறைய 55 மீட்டர் நீளம் இருந்தது. அதை 1200இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நாலரை சென்டிமீட்டர் சொச்சம் வரும். சரியாக ஒரு தீக்குச்சியின் நீளம். அந்த அளவில் வார்த்த உலோகக் கப்பல்கள் 38 என்னிடம் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டு, "பேரப் பிள்ளைகளுக்கா சார்?" என்று கேட்பார்கள். இல்லை, எனக்குத்தான் என்று சொன்னால் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். சிரிக்காமல் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்காக இந்தப் பதிவு.

இந்தக் கப்பல்கள் அலங்காரத்துக்கு மட்டும் உள்ளவை அல்ல. நடந்துபோன ஒரு போரை மேசைமேல் மறுபடியும் நடத்திப் பார்க்கும் விளையாட்டுக்கானவை. சதுரங்கம்போல இரண்டு பேர் ஆடலாம். ஆனால் சதுரங்கத்தில் காற்று வீசாது, வெடிமருந்து தீராது, சொன்ன கட்டளை போய்ச் சேராமல் போகாது. இந்த ஆட்டத்தில் எல்லாம் உண்டு. எவ்வளவு தூரம் நகரலாம், எந்தக் கோணத்தில் திரும்பலாம், சுட்டால் என்ன சேதம் என்பதற்கெல்லாம் விதிப் புத்தகம் இருக்கிறது. அதற்கு மேல் விதி விட்ட வழி என்பதற்குத் தாயக்கட்டை.

பொழுதுபோகாத கிழவர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் தன் அரசாங்கத்துக்கு இப்படியொரு போர் விளையாட்டைச் செய்து காட்டினார். அதிகாரிகளுக்கு அது பாடமாகவே ஆயிற்று. 1898இல் போர்க்கப்பல்களின் பட்டியல் புத்தகத்தைத் தொடங்கிய ஃபிரெட் ஜேன், அதே காலத்தில் ஒரு கடற்போர் விளையாட்டையும் வெளியிட்டார். எச்.ஜி. வெல்ஸ், அறிவியல் கதைகள் எழுதியவர், 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளைச் சிறிய புத்தகமாகப் போட்டார். பெரிய போரைவிடச் சிறிய போர் எவ்வளவோ மேல் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. மறு வருடமே பெரிய போர் வந்துவிட்டது.

இவர்களுக்கெல்லாம் முன்னால் ஒருவர் இருந்தார். ஜான் கிளார்க், எடின்பரோ வணிகர். கடற்படையில் ஒருநாள்கூட வேலை செய்யாதவர். சின்னச் சின்னக் கப்பல் மாதிரிகளை மேசைமேல் நகர்த்தி நகர்த்தியே கடற்போர் முறை பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் முதல் பகுதி அச்சானது 1782இல். அந்த வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அங்கே மேசைமேல் கப்பலை நகர்த்திக்கொண்டிருந்த அதே 1782இல்தான் இங்கே, நம் கரையோரம், நிஜக் கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன.

புதுச்சேரியில் சுஃப்ரேன் வீதி தெரியாதவர் இருக்க மாட்டார். அந்த சுஃப்ரேன் 1729இல் தென் பிரான்சில் பிறந்த கடற்படைத் தளபதி. அவருக்கு எதிரே ஆங்கிலேயர் பக்கம் சர் எட்வர்ட் ஹியூஸ். இருவரும் ஏறக்குறைய 16 மாதங்களில் ஐந்து முறை மோதினார்கள். 1782 பிப்ரவரி 17, சதுரங்கப்பட்டினம். ஏப்ரல் 12, இலங்கையின் கிழக்குக் கரையில் ப்ரொவிதியன் பாறையருகே. ஜூலை 6, நாகப்பட்டினம். செப்டம்பர் 3, திருகோணமலை. கடைசியாக 1783 ஜூன் 20, கடலூர்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் வரலாற்றுப் பாடத்தில் கடலூருக்கு 'கொந்தெலூர்' என்று பெயர். அது எங்கே இருக்கிறது என்று வகுப்பில் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு அங்கே அத்தை வீடோ மாமா வீடோ இருந்தது. பாரிஸில் இருக்கும் பையன் வரைபடத்தில் தேடிப் பார்க்கும் ஊருக்கு நாங்கள் பஸ் ஏறிப் போய் வடை தின்றுவிட்டு வந்தோம். நெப்போலியனையும் வாட்டர்லூவையும் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நான் சுஃப்ரேன், ஹியூஸ் இருவரோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

சேகரிப்பவனுக்கு இந்தப் போர்களில் இன்னொரு வசதியும் உண்டு. ஐந்து மோதல்களிலும் ஒரு அணிக்கப்பலைக்கூட எந்தப் பக்கமும் பிடிக்கவில்லை, மூழ்கடிக்கவுமில்லை. ஆகவே திரும்பத் திரும்ப அதே கப்பல்கள்தான் வரும். பட்டியலுக்கு ஒரு முடிவு உண்டு. (பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு கப்பல்களைப் பறிகொடுத்தது எதிரியிடம் அல்ல, கரையிடம்தான். 'ஓரியான்' திருகோணமலையிலும் 'பிசார்' கடலூரிலும் தரைதட்டிப் போயின.) அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதிய கை இது. வரிசை எண், கப்பலின் பெயர், பீரங்கி எண்ணிக்கை, வந்த தேதி, யார் கொண்டுவந்தது என்று ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தில் எல்லாம் பதிவாகியிருக்கிறது.

பெயர்களிலேயே வேடிக்கை இருக்கிறது. சுஃப்ரேனின் கொடிக்கப்பல் 'எரோ', அதாவது வீரன். ஆங்கிலேயர் வரிசையிலும் ஒரு 'ஹீரோ' இருந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் 74 பீரங்கி 'அனிபால்' ஒன்று. 1782 ஜனவரியில் ஆங்கிலேயரிடமிருந்து 50 பீரங்கி 'ஹானிபால்' ஒன்றைப் பிடித்தார்கள். ஒரே பெயரில் இரண்டு கப்பல் இருந்தால் உத்தரவு கொடுப்பது எப்படி? பிடித்ததற்கு 'சின்ன அனிபால்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் வீடுகளில் பெரிய ராமு, சின்ன ராமு என்பதுபோலத்தான்.

கப்பல்கள் வந்தது பெரும்பாலும் உறவினர் பெட்டிகளில். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சான், சித்தப்பா மகன், பக்கத்து வீட்டு மருமகள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பேன். மற்றவர்கள் சீஸும் சென்ட்டும் கேட்பார்கள். நான் கேட்டது தீக்குச்சி நீளக் கப்பல். வெறும் உடலும் பாய்மரங்களும் துண்டு துண்டாக வரும். தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டி, நூலால் கயிறு கட்டுவது நம் வேலை. ஒரு கப்பலுக்கு எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கொஞ்சம் வேகம் கூடியிருக்கிறது.

வண்ணத்தில் கவனமாக இருக்க வேண்டும். படங்களில் பார்க்கும் கறுப்பு மஞ்சள் கட்டம் போட்ட கப்பல்கள் நெல்சன் காலத்தவை. 1782க்கு அது பொருந்தாது. மரத்தின் இயல்பான பழுப்பு மஞ்சள், நீர்மட்டத்துக்கு மேலே கறுப்புப் பட்டை, அவ்வளவுதான். பிரெஞ்சுக் கொடி என்று மூவர்ணத்தை ஏற்றிவிடக் கூடாது. அது புரட்சிக்குப் பிறகு வந்தது. சுஃப்ரேன் கப்பல்களில் பறந்தது முழு வெள்ளைக் கொடி. ஆங்கிலேயர் கொடியிலும் இன்று நாம் பார்க்கும் சிவப்புக் குறுக்குக் கோடுகள் கிடையாது. 1801இல் அயர்லாந்து சேர்ந்த பிறகுதான் அவை வந்தன. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று வீட்டில் கேட்பார்கள். நான் பார்க்கிறேனே!

வாங்கியதைக் காப்பாற்றுவது இன்னொரு பாடு. பழைய பொம்மைகளில் காரீயம் அதிகம். அதன்மேல் வெள்ளைப் பொடி பூத்தால் ஜாக்கிரதை. மெல்ல மெல்ல முழுப் பொம்மையும் மாவாகிவிடும். சில மரங்களிலிருந்தும் அட்டையிலிருந்தும் கசியும் அமிலம்தான் இதற்குக் காரணம். அதனால் ஓக் மரப் பெட்டியில் ஈயப் பொம்மை வைக்கவே கூடாது என்பார்கள். எங்கள் ஊர்க் கடற்காற்றில் ஈரப்பதம் வேறு. நான் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் பூசி, கண்ணாடித் தட்டில் வைத்து, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வைக்கிறேன். மருந்து பாட்டில்களுக்குள் வருமே, அதே பொட்டலம். இந்த வயதில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

இனி மேசைக்கு வருவோம். வரிசையில் போகும் கப்பல்களுக்கு இடையே ஒரு கேபிள் தூரம், அதாவது 185 மீட்டர் அளவு, விடுவது வழக்கம் என்று வைத்துக்கொண்டால் என் அளவில் அது 15 சென்டிமீட்டர் சொச்சம். நாகப்பட்டினத்தில் பக்கத்துக்குப் பதினொரு கப்பல். பதினொரு தீக்குச்சி, நடுவே பத்து இடைவெளி. கூட்டிப் பார்த்தால் இரண்டு மீட்டரைத் தாண்டுகிறது. எங்கள் சாப்பாட்டு மேசை ஆறு அடி. கடலூரில் ஹியூஸுக்கு 18 கப்பல். வரிசை மூன்றரை மீட்டர் வரும். ஆகவே கடலூர்ப் போர் எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில்தான் நடக்கும். நீலத் துணி விரித்து, மேற்கு ஓரத்தில் பழுப்புத் துணியைக் கரையாக மடித்து வைப்போம். முட்டிவலிக்காரர்கள் இரண்டு பேரும் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வோம்.

என்னோடு ஆடுபவர் தபால் துறையில் ஓய்வு பெற்ற நண்பர், கடலூர்க்காரர். நாற்பது வருடப் பழக்கம், ஆனாலும் இன்றுவரை 'சார்', 'நீங்கள்'தான். அவர் எப்போதும் ஹியூஸ். நான் சுஃப்ரேன். நான் படித்த பிரெஞ்சுப் புத்தகங்களில் சுஃப்ரேன் ஐந்து முறையும் வென்றதுபோல இருக்கும். அவர் படித்த ஆங்கிலப் புத்தகங்களில் ஹியூஸ் ஐந்து முறையும் தோற்காததுபோல இருக்கும். மகான் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி 1890இல் எழுதிய கடல்வலிமை நூலில் சுஃப்ரேனுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறார் என்பேன். சரி சார், சென்னையை அவர் பிடித்தாரா என்பார் நண்பர். அதற்குப் பதில் இல்லை.

ஆடிப் பார்த்தால்தான் சில விஷயங்கள் விளங்குகின்றன. பாய்க்கப்பல் காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. காற்று வரும் திசைக்கு 67 பாகைக்குள் அதைத் திருப்பவே முடியாது. ஆகவே காற்று வரும் பக்கம் நிற்பவன் நினைத்தால் சண்டைக்கு வரலாம், நினைத்தால் ஒதுங்கலாம். நாகப்பட்டினத்தில் சண்டை மும்முரமாக இருக்கும்போது காற்றுத் திசை மாறி இரண்டு வரிசைகளும் குலைந்துபோயின. விதிப் புத்தகத்தில் அதற்குத் தாயக்கட்டை உண்டு. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் கப்பலெல்லாம் ஒரே வீச்சில் மூக்கைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அந்தச் சண்டையில்தான் 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் தலைவர் கொடியை இறக்கிச் சரணடையப் போனார். கப்பலில் இருந்த மற்ற அதிகாரிகள் ஒத்துக்கொள்ளாமல் மறுபடியும் கொடியை ஏற்றிச் சுட்டார்கள்.

பருவக்காற்றும் அப்படித்தான். நம் கரையில் அன்று துறைமுகம் கிடையாது. அக்டோபரில் வாடை தொடங்கிவிட்டால் கப்பல்கள் நிற்க முடியாது. 1782 மழைக்காலத்தில் ஹியூஸ் பம்பாய்க்குப் போனார். சுஃப்ரேன் சுமத்ராவின் அச்சேவுக்குப் போனார். இரண்டு பகைவர்களும் வாடைக்குப் பயந்து ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள் என்று சொன்னால், எங்கள் கரையில் மீன்பிடிப்பவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

கப்பல்களோடு பொம்மை மனிதர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

1200இல் ஒரு பங்கில் மனிதன் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வரமாட்டான். ஆகவே இந்தக் கப்பல்களில் ஆட்களைச் செய்வதில்லை. 74 பீரங்கிக் கப்பல் ஒன்றில் அறுநூறு, எழுநூறு பேர் இருந்தார்கள். மேசையில் ஒருவர்கூட இல்லை. பல வருடம் அது எனக்கு உறுத்தவில்லை. போன வருடம் லீவுக்கு வந்திருந்த பேத்தி, பதினொரு வயது, தரையில் குப்புறப் படுத்து ஒவ்வொரு கப்பலாகப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல ஆளுங்களே இல்லையே, யாரு சுடறாங்க?" என்றாள். "நம்ம ஊரு ஆளுங்க யாராவது இருந்தாங்களா?" என்றும் கேட்டாள்.

இருந்தார்கள். 1783 ஜூனில் கடலூரை ஆங்கிலேயர் நிலப்பக்கமாக முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர் புஸ்ஸி, அதே புஸ்ஸி வீதிக்காரர்தான். சுஃப்ரேனிடம் 15 கப்பல் இருந்தது, ஆனால் பீரங்கிகளுக்கு ஆள் போதவில்லை. புஸ்ஸி தன் படையிலிருந்து 1200 பேரை ஏற்றி அனுப்பினார். 600 பேர் ஐரோப்பியர், 600 பேர் சிப்பாய்கள். நிலத்தில் துப்பாக்கி பிடித்துப் பழகியவர்கள், இரண்டொரு நாளில் ஆடும் கப்பலில் பீரங்கி இழுக்கப் போனார்கள். 15 கப்பல் 18 கப்பலை எதிர்த்து நின்றதில் அவர்கள் கையும் இருக்கிறது. சுஃப்ரேன் பெயரில் வீதி இருக்கிறது, புஸ்ஸி பெயரில் வீதி இருக்கிறது. அந்த 600 பேரில் ஒருவர் பெயரும் எந்த வீதியிலும் இல்லை.

தரைப்போர் விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு பொம்மை இருபது பேருக்குச் சமம். 600 சிப்பாய்க்கு 30 பொம்மை. தலைப்பாகையும் அரைக்கால் சட்டையும் செருப்பில்லாத காலுமாக இரண்டு அங்குலத்துக்கும் குறைவான சிப்பாய்கள் 30 பேரை நானும் பேத்தியும் வண்ணம் தீட்டினோம். ஐரோப்பியர் 30 பேர். கப்பல் பக்கத்தில் நிற்க வைத்தால் கப்பலின் உடல் முழங்கால் உயரம்கூட இருக்காது. ஆகவே அவர்களுக்குக் கரை ஓரத்தில் தனியாக ஒரு பலகை. எந்தக் கப்பலுக்கு எத்தனை பேர் போனார்கள் என்று பிரித்துப் பிரித்து நிற்கிறார்கள்.

பேத்தி அதோடு விடவில்லை. கரையிலிருந்து கப்பலுக்கு எப்படிப் போனார்கள் என்றாள். மசூலாப் படகில். பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு, அலை அடித்தால் வளைந்துகொடுக்கும். ஐரோப்பியப் படகுகள் நம் கரையலையில் உடைந்துபோகும். கப்பலுக்குத் தண்ணீர், அரிசி, ஆள், கடிதம் எல்லாம் நம் படகோட்டிகள் கையால்தான் போக வேண்டும். பத்து மீட்டர் படகு என் அளவில் எட்டு மில்லிமீட்டர். அந்த அளவில் எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. ஒரு நெல்மணியை வைத்துப் பார்த்தோம், கச்சிதமாக இருந்தது. வார்னிஷ் பூசிய நெல்மணிகள் இருபது இப்போது ரிஜிஸ்டரில் ஏறியிருக்கின்றன. வந்த வழி என்ற இடத்தில் 'சமையலறை' என்று எழுதியிருக்கிறேன்.

பொம்மைச் சிப்பாய் என்றால் எனக்குப் பெரியப்பா நினைவு வரும். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களைச் 'சொல்தா' என்போம். பெரியப்பா ஒரு சொல்தா. இந்தோசீனாவில் சண்டை போட்டுத் திரும்பியவர். மாதா மாதம் பென்ஷன் வாங்குவார், அங்கே நடந்தது எதையும் பேச மாட்டார். சிறுவயதில் எனக்கு யாரோ கொடுத்த ஈயச் சிப்பாய்கள் ஏழெட்டு இருந்தன. ஒருநாள் திண்ணையில் அவற்றை வரிசையாக நிற்க வைத்திருந்தேன். பெரியப்பா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துப்பாக்கியைப் பிடித்திருக்கும் விதம் சரியில்லை என்றார். பிறகு அதைப் படுக்க வைத்துவிட்டு, "நிக்கிறவனை மட்டும்தான் செய்யறானுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடலூர்ச் சண்டை மாலை நான்கு மணியளவில் தொடங்கி இருட்டும் வரை நடந்தது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ நூறு நூறு பேர் செத்தார்கள். காயம்பட்டவர்கள் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. ஹியூஸின் ஆட்கள் ஏற்கெனவே ஸ்கர்வி நோயாலும் தண்ணீர்ப் பஞ்சத்தாலும் துவண்டிருந்தார்கள். அவர் கப்பல்களைச் சென்னைக்குத் திருப்பினார். என் கணக்கில் நூறு பேர் ஐந்து பொம்மை. ஆட்டம் முடிந்ததும் பக்கத்துக்கு ஐந்து பொம்மையைப் படுக்க வைப்பது எங்கள் வீட்டு விதி. யார் ஜெயித்தாலும் படுக்க வைக்க வேண்டும். பெரியப்பாவுக்காகச் செய்கிறேன் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்தச் சண்டையைப் பற்றி இன்னொரு தேதியும் சொல்ல வேண்டும். பிரான்சும் இங்கிலாந்தும் வெர்சாயில் பூர்வாங்கச் சமாதானத்தில் கையெழுத்திட்டது 1783 ஜனவரி 20. கடலூர்ச் சண்டை ஜூன் 20. நாள் பிசகாமல் ஐந்து மாதம் கழித்து. செய்தி கடல் வழியாக வந்துகொண்டிருந்தது. சமாதானக் கொடியோடு 'மெடியா' என்ற ஆங்கிலேய ஃபிரிகேட் கடலூருக்கு வந்து சேர்ந்தது ஜூன் 29. ஒன்பது நாள் தாமதம். படுத்துக் கிடக்கும் பத்துப் பொம்மைகளும் முடிந்துபோன ஒரு போருக்காகச் செத்தவர்கள்.

இதைக் கேட்டதும் பேத்தி சொன்ன யோசனை: "மெடியா முன்னாடியே வந்தா என்ன ஆகும்? அதையும் தாயக்கட்டையில போடலாமே." நண்பர் உடனே, "அது வரலாறு இல்லைம்மா" என்றார். "காத்து மாறுறதுக்கு மட்டும் போடறீங்க?" என்றாள் அவள். எனக்கு அவள் பக்கம் நியாயம் இருப்பதாகப் பட்டது. எங்கள் கடலூர் ஆட்டம் 24 சுற்று. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரண்டு கட்டைகளை வீசுவது. இரட்டை ஆறு விழுந்தால் மெடியா வந்துவிடும், ஆட்டம் நின்றுவிடும் என்று விதி எழுதினோம். 24 வீச்சில் ஒருமுறையாவது இரட்டை ஆறு விழும் வாய்ப்புப் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இது நான் கண்டுபிடித்த கணக்கு அல்ல. 17ஆம் நூற்றாண்டில் மெரே என்ற பிரெஞ்சுச் சூதாட்டப் பிரியர் இதே கேள்வியைக் கேட்டதால்தான் பாஸ்கலும் ஃபெர்மாவும் நிகழ்தகவுக் கணக்குக்கு அடிபோட்டார்கள் என்று பள்ளியில் படித்தது. அறுபது வருடம் கழித்து உபயோகப்பட்டது.

முதல் ஆட்டத்தில் இரட்டை ஆறு விழவில்லை. வழக்கம்போலச் சண்டை, வழக்கம்போலப் பத்துப் பொம்மை. இரண்டாவது ஆட்டத்தில் இரண்டாம் சுற்றிலேயே விழுந்துவிட்டது. 33 அணிக்கப்பல்களைக் காலையிலிருந்து அளந்து அளந்து நிறுத்தியிருந்தோம். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பேத்தி மெடியாவை வடக்கு ஓரத்திலிருந்து நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துணுக்குக் கொடி. நண்பருக்கு முகம் விழுந்துவிட்டது. "இதுக்கா சார் இவ்வளவு நேரம் குனிஞ்சோம்?" என்றார். எனக்கும் ஏமாற்றம்தான். அன்றைக்குக் காற்று எனக்குச் சாதகமாக இருந்தது, அவருடைய பின்வரிசையை நொறுக்கியிருப்பேன்.

காப்பி வந்தது. குடித்துக்கொண்டே பலகையைப் பார்த்தோம். 30 சிப்பாயும் நின்றுகொண்டிருந்தார்கள். ஐரோப்பியர் 30 பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தபால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தா இவ்வளவு பேரு பிழைப்பாங்கன்னு சர்வீஸ்ல ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லலையே சார்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா தெரியாது. அதற்குப் பிறகு அந்த விதியை எடுத்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நாட்குறிப்பு என்றால் நமக்கு ஆனந்தரங்கப் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். அவருக்குப் பிறகு 1778 முதல் 1792 வரை இரண்டாம் வீராநாயக்கர் தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பும் புத்தகமாக வந்திருக்கிறது. இந்தப் போர்கள் நடந்த வருடங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். பிரெஞ்சுப் புத்தகம், ஆங்கிலப் புத்தகம் இரண்டுக்கும் பக்கத்தில் அதையும் வைத்துப் படிக்க வேண்டும் என்று பேத்திக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் தமிழ் வாசிப்பு இன்னும் எழுத்துக்கூட்டும் நிலையில்தான். அவசரமில்லை.

இந்தக் கப்பல்கள் எனக்குப் பிறகு யாருக்கு என்று வீட்டில் கேள்வி வந்துகொண்டிருக்கிறது. மகனுக்கு ஆர்வமில்லை, அது தவறுமில்லை. ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் பேத்தி பெயரை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டேன். அலுவலகப் பழக்கம், கையெழுத்தில்லாத பொருள் கணக்கில் சேராது. அவள் வரும் ஜூனில் மறுபடியும் வருகிறாள். 20ஆம் தேதி கூடத்தைக் காலி செய்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். நண்பரும் வருகிறார். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் வரலாம். தரையில் உட்கார முடிந்தால் போதும், முடியாதவர்களுக்கு முக்காலி இருக்கிறது.